பிரஷர் ஏறியதற்கு வைரஸ்தான் காரணமா?

வாசகர் கடிதம்: டாக்டர், எனக்கு வயது 37. தனியார் பள்ளியில் ஆசிரியை. 11 வயதில் ஒரு மகன், 6 வயதில் ஒரு மகள். மகன் வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாதத்தில் பிரஷர் ஏறி, ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். அப்புறம் சரியாகிவிட்டது. மகள் பிறந்ததும் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டேன். போன வருடம் பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் 160/100 இருந்தது. டெல்மிசார்டான் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்த மாத்திரை தினம் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படியும் 150க்குக் கீழே இறங்கவில்லை. நான் குண்டு இல்லை. பெற்றோருக்கும் இந்த வயதில் பிரஷர் இருந்ததில்லை. நாள் முழுக்க நின்றே பாடம் எடுப்பதால் வரும் குதிகால் வலிக்கு அவ்வப்போது மாத்திரை போடுவேன், வேறு தொந்தரவு எதுவும் கிடையாது. உடம்பில் ஒளிந்திருக்கும் சைட்டோமெகலோ வைரஸ்தான் பிரஷருக்குக் காரணம் என்று என் நாத்தனார் ஒரு செய்தி அனுப்பினார். நானே லேபில் போய்ச் சோதித்தேன். ஐ.ஜி.ஜி. ரியாக்டிவ், 186 என்று வந்தது. ஐ.ஜி.எம். நான்-ரியாக்டிவ். மூன்று வாரமாக என் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்திருக்கிறேன், மகளுக்கு முத்தம்கூடக் கொடுப்பதில்லை. பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறேன். வைரஸுக்கு மருந்து எடுத்தால் இந்த மாத்திரையை நிறுத்திவிடலாமா? பி.சி.ஆர். சோதனையும் செய்துகொள்ளட்டுமா? இது என் கணவரிடமிருந்து வந்திருக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த டம்ளர். இன்று ராத்திரியே அதை மற்ற பாத்திரங்களோடு சேர்த்துப் போடுங்கள். மகளை மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சுங்கள். மூன்று வாரமாக அம்மா ஏன் தள்ளித் தள்ளிப் போகிறாள் என்று அந்தக் குழந்தைக்குப் புரிந்திருக்காது. உங்கள் ரிப்போர்ட்டில் அவளிடமிருந்து விலகி நிற்கச் சொல்லும் விஷயம் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது, மாத்திரையை நாளை காலையிலிருந்து தினமும் போடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் பிரஷர் ஒரு நாள் இறங்கி மறுநாள் ஏறும். 150 என்று நீங்கள் எழுதிய அளவு இந்த மூன்று வாரத்துக்குள் எடுத்ததா, அதற்கு முன்பே எடுத்ததா என்று தெரியவில்லை. அதற்கும் கீழே ஒரு வழி சொல்லியிருக்கிறேன். இந்த இரண்டும் ஆன பிறகு மற்றதை நிதானமாகப் பேசலாம்.

ஐ.ஜி.ஜி. ரியாக்டிவ் என்றால், எப்போதோ ஒரு காலத்தில் அந்த வைரஸ் உங்கள் உடம்புக்குள் வந்தது, உடம்பு அதைச் சந்தித்து எதிர்ப்புப் பொருள் தயாரித்து வைத்திருக்கிறது என்று பொருள். ஐ.ஜி.எம். என்பது தொற்று வந்த புதிதில் தோன்றும் எதிர்ப்புப் பொருள், உங்களுக்கு அது இல்லை என்பதால் அது புதிதாக வந்த தொற்றாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த 186 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எதிர்ப்புப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதற்கான அளவு அது. வைரஸ் எத்தனை இருக்கிறது என்பது அதில் தெரியாது. நம் நாட்டில் பெரியவர்கள் பத்துப் பேரைச் சோதித்தால் ஒன்பது பேருக்குக் குறையாமல் இதே ரிப்போர்ட்தான் வரும். தாய்ப்பால், எச்சில், சிறுநீர் வழியாகப் பரவும் வைரஸ் இது. நம் வீடுகளில் பெரும்பாலானவர்களுக்குப் பால்குடி வயதிலோ, பள்ளிக்குப் போகும் முன்போ வந்துவிடுகிறது. ஒரு சின்னக் காய்ச்சலாக வந்து போயிருக்கும். எதுவுமே தெரியாமலும் இருந்திருக்கும். ஆகவே கணவரிடமிருந்து வந்ததா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். உங்களுக்கு அது உங்கள் அம்மாவிடமிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் குழந்தைகளுக்கும் பெரும்பாலும் ஏற்கெனவே வந்திருக்கும்.

உங்கள் பள்ளி ஸ்டாஃப் ரூமில் 20 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் சோதனை செய்தால் 18 பேருக்காவது ரியாக்டிவ் வரும். பிரஷர் இருப்பவர் ஐந்தாறு பேர் இருப்பார்கள். அவர்களையும் மற்றவர்களையும் இந்தச் சோதனையால் பிரித்துக் காட்ட முடியாது. உங்கள் பிரஷருக்கு எது காரணம் என்பதைச் சொல்லும் சக்தி இதற்கு இல்லை என்று நான் சொல்வது அதனால்தான்.

ஆனால் உங்கள் நாத்தனார் அனுப்பிய செய்தி முழுக்கக் கட்டுக்கதை என்று சொல்ல மாட்டேன். அதற்குள் உண்மையான அறிவியல் ஒன்று இருக்கிறது, அதை நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

2009ஆம் ஆண்டு அமெரிக்காவில், பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தில் கிளைட் க்ரம்பாக்கர் என்ற தொற்றுநோய் மருத்துவரின் குழு எலிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தது. எலிகளை நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். இரண்டு கூட்டத்துக்குச் சாதாரணத் தீனி, இரண்டு கூட்டத்துக்குக் கொழுப்பு மிகுந்த தீனி. ஒவ்வொரு வகையிலும் ஒரு கூட்டத்துக்கு எலிகளைத் தாக்கும் சைட்டோமெகலோ வைரஸை ஏற்றினார்கள். சில வாரம் கழித்து, முடிபோல மெல்லிய குழாயை எலியின் கழுத்து ரத்தக் குழாய்க்குள் செலுத்தி, உள்ளிருந்தே அழுத்தத்தை அளந்தார்கள். வைரஸ் ஏறிய எலிகளுக்கு, சாதாரணத் தீனி தின்றவற்றுக்கும்கூட, பிரஷர் கூடியிருந்தது. வைரஸும் கொழுப்புத் தீனியும் சேர்ந்த கூட்டத்தில் சுமார் 30 சதவீத எலிகளின் பெரிய ரத்தக் குழாயில் கொழுப்புப் படிவும் தெரிந்தது.

அது எப்படி நடந்தது என்றும் தேடினார்கள். இந்த இடம் உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சிறுநீரகத்தில் ரெனின் என்று ஒரு பொருள் சுரக்கிறது. முயலின் சிறுநீரகத்தை அரைத்து எடுத்த சாற்றில் பிரஷரை ஏற்றும் இந்தப் பொருள் இருப்பதை 1898லேயே ஸ்வீடனில் கண்டுபிடித்துவிட்டார்கள். ரெனின் தானாகப் பிரஷரை ஏற்றுவதில்லை. கல்லீரலிலிருந்து வரும் ஒரு புரதத்தை அது வெட்ட, வெட்டுப்பட்டது அடுத்த கட்டத்தில் ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாறுகிறது. அதுதான் ரத்தக் குழாயைச் சுருங்க வைக்கிறது, உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்குகிறது. வைரஸ் புகுந்த செல்களில் ரெனின் கூடுவதை பாஸ்டன் குழு பார்த்தது. எலியின் செல்களில் மட்டும் இல்லை, மனித செல்களிலும் பார்த்தார்கள். எலிகளின் ரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் பொருட்களும் கூடியிருந்தன.

சரி, இப்போது உங்கள் மாத்திரைப் பட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். டெல்மிசார்டான் என்ன செய்கிறது தெரியுமா? ஆஞ்சியோடென்சின் 2 போய் உட்காரும் இடத்தை அடைக்கிறது. வைரஸ்தான் உங்கள் பிரஷருக்குக் காரணம் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த வைரஸ் எந்த வாய்க்கால் வழியாக வேலை செய்வதாக ஆய்வு சொல்கிறதோ, அந்த வாய்க்காலின் மடையைத்தான் இந்த மாத்திரை அடைக்கிறது. உங்களுக்கு வந்த செய்தியை எழுதியவர் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டார், எனக்கு அதுதான் வருத்தம். அந்த ஆய்வை நம்புகிறவர் இந்த மாத்திரையை இன்னும் ஒழுங்காகப் போட வேண்டும்.

மனிதர்களிடம் என்ன கண்டார்கள் என்று கேட்பீர்கள். 2011இல் சீன ஆய்வாளர்கள், பிரஷர் உள்ளவர்களின் ரத்தத்தில் இந்த வைரஸ் உண்டாக்கும் ஒரு நுண் ஆர்.என்.ஏ. (மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மிகச் சிறிய துணுக்கு) அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். 2012இல் பின்லாந்தில் இளவயதினரை வைத்து நடந்த நீண்ட கால ஆய்விலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அதில் வைரஸ் எதிர்ப்புப் பொருள் அதிகமாக இருந்த ஆண்களுக்குப் பிரஷர் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பெண்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. இரண்டு விஷயங்கள் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதற்கும், ஒன்றுதான் மற்றொன்றை உண்டாக்குகிறது என்பதற்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது. நெருக்கடியான வீடு, வறுமை, புகை, உப்பு கூடிய சாப்பாடு இவையெல்லாம் இருக்கும் இடத்தில் வைரஸும் அதிகம் பரவும், பிரஷரும் அதிகம் வரும்.

அந்தத் தூரத்தைத் தாண்டாமலே மருந்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய அனுபவம் மருத்துவ உலகத்துக்கு உண்டு. 1988இல் பின்லாந்து மருத்துவர்கள், மாரடைப்பு வந்தவர்கள் பலரின் ரத்தத்தில் கிளமிடியா நிமோனியே என்ற பாக்டீரியாவுக்கு எதிர்ப்புப் பொருள் இருப்பதைக் கண்டார்கள். அப்புறம் ரத்தக் குழாய் அடைப்புக்குள்ளேயே அந்தக் கிருமியைக் கண்டார்கள். எல்லோருக்கும் உற்சாகம். ஆன்டிபயாடிக் கொடுத்தால் மாரடைப்பைத் தடுத்துவிடலாம் என்று நினைத்தார்கள். அமெரிக்காவில் 4,012 இதய நோயாளிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு வாரம் ஒரு முறை அஸித்ரோமைசின், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை என்று ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது. எந்த வித்தியாசமும் இல்லை. டென்மார்க்கில் 4,373 பேருக்கு இதே மாதிரி நடந்த சோதனையில், இரண்டு வாரம் கிளாரித்ரோமைசின் சாப்பிட்டவர்களிடம் இதய நோயால் இறந்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள். நல்ல மருத்துவர்கள், நல்ல எண்ணத்தோடு செய்தது. கிருமி அங்கே இருந்தது உண்மைதான். அதைக் கொன்றும் நோயாளிக்குப் பலன் கிடைக்கவில்லை.

வயிற்றுப் புண் விஷயத்தில் நேர் எதிராக நடந்தது. ஹெலிகோபாக்டர் என்ற கிருமிதான் காரணம் என்று ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் சொன்னபோது பலர் நம்பவில்லை. கிருமியை ஒழித்தபோது புண் ஆறியது, திரும்ப வரவும் இல்லை. 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு. அதனால் பிரஷருக்குக் கிருமி காரணமாக இருக்க முடியாது என்று கதவைச் சாத்திப் பேச எனக்கு மனம் வரவில்லை. கிருமிக்கு மருந்து கொடுத்தால் பிரஷர் இறங்குகிறது என்று மனிதர்களிடம் காட்டிய பிறகு, அந்த மருந்தை நானே எழுதித் தருவேன்.

சைட்டோமெகலோ வைரஸுக்கு மருந்து இருக்கிறது, வால்கான்சிக்ளோவிர் என்று பெயர். சிறுநீரகம், கல்லீரல் மாற்று ஆபரேஷன் செய்தவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி அடியோடு குறைந்தவர்களுக்கும் உயிர் காக்கும் மருந்து. ஆனால் ரத்த வெள்ளை அணுக்களையும் தட்டணுக்களையும் இறக்கிவிடும். மருந்து சாப்பிடும் காலம் முழுக்க அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படிச் சாப்பிட்டாலும் பெருகிக்கொண்டிருக்கும் வைரஸைத்தான் அது தடுக்கும். பதுங்கிக் கிடக்கும் வைரஸ் அப்படியே இருக்கும். சின்ன வயதில் வந்த சின்னம்மை ஆறிப்போய், அந்த வைரஸ் நரம்பு முடிச்சில் பதுங்கியிருந்து, ஐம்பது வயதுக்கு மேல் விலாவில் அக்கியாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். சைட்டோமெகலோ வைரஸும் அதே ஹெர்பிஸ் குடும்பம்தான். வந்தால் ஆயுசு முழுக்க உடம்பிலேயே தங்கும். அதனால் இந்த மருந்து உங்களுக்கு வேண்டாம். பி.சி.ஆர். சோதனையும் வேண்டாம். அதற்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் கையில் கட்டிப் பார்க்கும் நல்ல பி.பி. மிஷின் ஒன்று வாங்கிவிடலாம்.

இந்த வைரஸால் உண்மையாகப் பாதிக்கப்படுபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஆசிரியை என்பதால். கர்ப்பிணிக்கு வரும் தொற்று வயிற்றில் இருக்கும் குழந்தையின் காதைப் பாதிக்கலாம். உங்கள் பள்ளியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. எடுக்கும் ஆசிரியை யாராவது மாசமாக இருந்தால், குழந்தைகளின் எச்சில், மூக்குச்சளி துடைத்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். குழந்தை கடித்து வைத்த பிஸ்கெட்டைத் தான் சாப்பிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

இனி உங்கள் பிரஷருக்கு வருகிறேன். 37 வயதில், குண்டாக இல்லாத ஒருவருக்கு 160/100 என்றால், ஒளிந்திருக்கும் காரணம் ஏதாவது உண்டா என்று தேடத்தான் வேண்டும். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. 40 வயதுக்குள் பிரஷர் வந்தால் தேடு என்றுதான் எங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என் மனசு நின்றது லேப் ரிப்போர்ட்டில் இல்லை, உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய இரண்டு வரிகளில்.

ஒன்று குதிகால் வலி மாத்திரை. 'அவ்வப்போது' என்று எழுதியிருக்கிறீர்கள். வாரத்துக்கு எத்தனை? என்ன மாத்திரை? மெடிக்கலில் கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இவற்றில் ஒன்றாக இருக்கும். இவை சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கிப் பிரஷரை ஏற்றும், டெல்மிசார்டான் போன்ற மாத்திரையை வேலை செய்ய விடாமலும் தடுக்கும். ஓர் ஆண்டாக உங்களுக்கு 150க்குக் கீழே இறங்காததற்கு இதுவே போதுமான காரணமாக இருக்கலாம். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. டெல்மிசார்டான், அதோடு நீர் பிரியும் ஹைட்ரோகுளோரோதயசைடு, அதன் மேல் வலி மாத்திரை, இந்த மூன்றும் ஒரே வயிற்றில் சேரும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் மூன்று பக்கமும் நெருக்கப்படுகிறது. வாந்தி, பேதி ஆகி உடம்பில் தண்ணீர் குறைந்த நாளில் இது நடந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடும். ஆகவே அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள்.

குதிகாலுக்கு என்ன செய்வது? காலையில் படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போதுதான் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது, நாலு எட்டு நடந்தால் குறைகிறது என்றால், அது பாதத்தின் அடிச்சவ்வு இறுகிப்போனதால் வருவது. எழுவதற்கு முன் படுக்கையில் உட்கார்ந்தபடி ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, கால்விரல்களை உங்கள் பக்கம் இழுத்து முப்பது விநாடி பிடியுங்கள். மூன்று நான்கு முறை செய்துவிட்டு இறங்குங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்து, சாயங்காலம் அதன் மேல் பாதத்தை வைத்துப் பத்து நிமிடம் உருட்டினால் இதமாக இருக்கும். வகுப்பில் ஒரு ஸ்டூல் கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தாங்கவே முடியாத நாளில் ஒரு பாராசிட்டமால் போடலாம். அதையும் தினமும் முழு அளவில் விழுங்கினால் பிரஷர் சற்று ஏறுகிறது என்று ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்று 2022இல் காட்டியது. அதனால் அதுவும் எப்போதாவதுதான்.

இரண்டாவது வரி, மகன் வயிற்றில் இருந்தபோது ஏறிய பிரஷர். 'அப்புறம் சரியாகிவிட்டது' என்று உங்களிடம் சொன்னார்கள், நீங்களும் மறந்துவிட்டீர்கள். அப்படிக் கர்ப்பத்தில் பிரஷர் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரப் பிரஷரும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட நன்றாகவே கூடுதல். பிரசவமானதும் இறங்கிவிடுவதால் அதோடு கணக்கு முடிந்தது என்று நாங்களும் விட்டுவிடுகிறோம். வருடா வருடம் பார்க்க வேண்டும் என்று அன்றே உங்களிடம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். இது எங்கள் பக்கத்துக் குறை. 11 வருடம் முன்பே உங்கள் உடம்பு ஒரு முறை சொல்லிவிட்டது. இதை எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

அடுத்த முறை உங்கள் டாக்டரிடம் போகும்போது இரண்டு கையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதை நான் ஒருபோதும் விடுவதில்லை, காரணம் ஒரு பெண். இருபத்து சொச்சம் வயது. வலது கையில் 180க்கு மேல். இடது கை மணிக்கட்டில் நாடி பார்க்க விரல் வைத்தேன், ஒன்றும் தட்டவில்லை. விரலை மாற்றி மாற்றி வைத்தும் இல்லை. தலை பின்னும்போது இடது கை ஓய்ந்துபோகும் என்று அவளே அப்போதுதான் சொன்னாள். தொப்புளுக்குச் சற்று மேலே ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது, குறுகிய குழாய்க்குள் ரத்தம் சீறும் சத்தம் உஸ் உஸ்ஸென்று கேட்டது. டகயாசு நோய் அது. பெரிய ரத்தக் குழாய்களின் சுவர் வீங்கி, சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் சுருங்கி, பட்டினி கிடக்கும் சிறுநீரகம் ரெனினைக் கொட்டியதால் வந்த பிரஷர். இந்தியாவில் இந்த நோய்க்கும் காசநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று மருத்துவர்கள் வெகுகாலமாகச் சந்தேகிக்கிறார்கள், நிரூபணம் ஆகவில்லை. அவளுக்குப் பலன் தந்தது வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டும், சுருங்கிய குழாயை பலூன் வைத்து விரித்ததும்தான். உங்களுக்கு அது இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நாடி பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது, அதற்காகத்தான் சொல்கிறேன்.

ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, தைராய்டு பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ஈ.சி.ஜி., சிறுநீரகத்துக்கு ஒரு ஸ்கேன். வலி மாத்திரையை நிறுத்திய பிறகும் பிரஷர் அடங்காவிட்டால், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில், உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டீரான் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் தேவைப்படும். இந்தக் காரணம் நாங்கள் முன்பு நினைத்ததைவிடப் பரவலாக இருக்கிறது, மாத்திரைக்கு மசியாத பிரஷரில் அடிக்கடி தவறவிடப்படுவதும் இதுதான். சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா என்று கணவரிடம் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு ஒல்லியாக இருந்தாலும் பிரஷர் ஏறும்.

வைரஸ் சோதனை செய்தே ஆக வேண்டும் என்றால் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி இரண்டையும் பாருங்கள். செலவு குறைவு. ஹெபடைடிஸ் பி சிலருக்கு ரத்தக் குழாய்களில் அழற்சியை உண்டாக்கியும், ஹெபடைடிஸ் சி சிறுநீரக வடிகட்டிகளைக் கெடுத்தும் பிரஷரை ஏற்றும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். அங்கே வைரஸுக்கு வைத்தியம் செய்தால் பலன் உண்டு. சிறுநீரில் புரதமோ ரத்தமோ இருந்தால் இந்தச் சோதனைகளைக் கட்டாயம் செய்யச் சொல்வேன்.

இப்போது வீட்டில் பார்க்கும் முறை. காலையில் மாத்திரைக்கு முன், காபிக்கு முன், பாத்ரூம் போய்விட்டு வந்து, முதுகு சாய்ந்த நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கால் இரண்டும் தரையில் படிய வேண்டும், கால் மேல் கால் வேண்டாம். கையை மேசை மேல், நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள். சேலை ஜாக்கெட் கை இறுக்கமாக இருந்தால் அதைச் சுருட்டி ஏற்றிக் கட்டக்கூடாது, தளர்வான நைட்டியில் இருக்கும்போது பாருங்கள். துணி மேல் கட்ட வேண்டாம். பேசாமல், ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு முறை எடுத்து, இரண்டையும் எழுதுங்கள். ராத்திரியும் அப்படியே. ஏழு நாள். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியைப் பாருங்கள். வீட்டு அளவில் 135/85க்கு மேல் போனால் அதிகம் என்று கணக்கு. கூடுதலாக வந்த அளவை மறைத்து, 'நல்ல' அளவை மட்டும் எழுதாதீர்கள். எனக்குத் தெரிந்து நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், மருந்து கூடிவிடுமோ என்ற பயம்.

உப்பைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு இந்த நான்கும் வாரத்தில் எத்தனை நாள் தட்டில் விழுகின்றன என்று எண்ணுங்கள். கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்பை இப்போதைக்கு வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது, டெல்மிசார்டானும் பொட்டாசியத்தைக் கூட்டும். ரத்தப் பரிசோதனை வந்த பிறகு உங்கள் டாக்டர் சரி என்றால் வாங்கலாம்.

வலி மாத்திரை நின்று, தினமும் மாத்திரை போட்டு, இரண்டு மூன்று வாரம் ஆன பிறகும் அளவு கூடுதலாகவே இருந்தால், உங்கள் டாக்டர் அம்லோடிபின் மாதிரி இன்னொரு மருந்தைச் சேர்க்கலாம். இரண்டு மாத்திரை ஆகிவிட்டதே என்று மனம் தளர வேண்டாம், பலருக்கு அப்படித்தான் தேவைப்படுகிறது. 180/120 தாண்டி, கூடவே தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்கல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போதல் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் யோசிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். வாய் கோணினாலோ கை கால் விழுந்தாலோ பிரஷர் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம்.

உங்கள் நாத்தனாரிடம் கோபப்படாதீர்கள், உங்கள் மேல் அக்கறையில்தான் அனுப்பியிருக்கிறார். அவருக்கும் ஒரு நாள் இரண்டு கையிலும் பிரஷர் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. நம் நாட்டில் பெரியவர்கள் மூன்றில் ஒருவருக்கும் மேல் பிரஷர் இருக்கிறது என்று அது சொன்னது. தெரியாமலே நடமாடுபவர்கள் நிறைய.

வலி மாத்திரை அட்டையின் பெயரையும், அந்த ஏழு நாள் கணக்கையும், கிரியேட்டினின், பொட்டாசியம் அளவுகளையும் எழுதி மறுபடியும் ஒரு கடிதம் போடுங்கள். மகள் மடியில் ஏறி உட்கார்ந்தாளா என்றும் எழுதுங்கள்.